‘ஹல்ப் ட்ரை’ என்பது மூன்றரை மணி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் அன்றாட ஜெர்மன் சொற்களைப் பற்றி அரைப்பக்க அளவில் வெளிவந்த பட்டியலைப் படித்தேன். விடைபெறும் சொற்களையும் நேரத்தைக் குறிக்கும் சொற்களையும் முதலில் எடுத்துக்கொண்டது நல்ல முடிவு. அயல்நாட்டில் போய் இறங்கியவருக்கு அன்றே தேவைப்படுபவை அவைதாம். ஆனால் அந்தப் பட்டியலில் தெளிவான பிழை ஒன்றும், பிழை என்று சொல்ல முடியாவிட்டாலும் படிப்பவரைச் சுற்றுவழியில் இழுத்துச் செல்லும் பழக்கம் ஒன்றும் இருக்கின்றன. ‘ஹல்ப் ட்ரை’ என்பதற்கு நேராக ‘மூன்றரை மணி’ என்று அச்சாகியிருக்கிறது. அது இரண்டரை மணி. இது பிழை. ஒவ்வொரு ஜெர்மன் சொல்லுக்கும் முதலில் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்து, பிறகு அந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கி மூன்றாம் கட்டத்தில் போட்டிருக்கிறார்கள். இது பழக்கம். ஆங்கிலேயர் பேச்சில் ‘ஹாஃப் த்ரீ’ என்றால் மூன்றரை மணி. ஆகையால் பிழை பிறந்த இடமே அந்த நடுக்கட்டம்தான் என்று நினைக்கிறேன்.

நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் என் படிப்பு அல்ல, நான் பட்ட பாடு. தமிழ்ப்பள்ளியில் பல ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். என் மகன் லைப்சிக் நகரில் வேலை செய்கிறான். அந்த ஊர்ப் பெண்ணையே மணந்துகொண்டான். சம்பந்தியம்மாளுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. முன்னாள் கிழக்கு ஜெர்மனியில் பள்ளிக்குச் சென்ற அவருடைய தலைமுறையினர் முதலில் படித்த அயல்மொழி ரஷ்ய மொழி. மகனை இடையில் நிறுத்தி வைத்துக்கொண்டே எத்தனை நாள் பேசுவது என்று எண்ணி, கைத்தொலைபேசிச் செயலி ஒன்றின் வழியாக, அதுவும் ஆங்கிலத்தின் மூலமாக, நான் ஜெர்மன் கற்கத் தொடங்கினேன்.

சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் ஒருநாள், நாம் இருவரும் தனியாகவே காணொளியில் பேசலாம் என்று சம்பந்தியம்மாள் எனக்கொரு குரல் செய்தி அனுப்பினார். அதில் எனக்குப் பிடிபட்டவை மூன்று சொற்கள்: ‘ஸோன்டாக், ஹல்ப் ட்ரை’. ஸோன்டாக் ஞாயிறு, ஹல்ப் பாதி, ட்ரை மூன்று. எனவே அங்கே பிற்பகல் மூன்றரை, இங்கே பினாங்கில் இரவு ஒன்பதரை என்று கணக்கிட்டுக்கொண்டேன். அன்று மாலை கோவிலுக்குப் போனபோது ஒலியை அடக்கி வைத்த தொலைபேசியை வீடு திரும்பியும் கவனிக்கவில்லை. நல்ல சேலையாக ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு, ஒன்பதரைக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அதைக் கையில் எடுத்துப் பார்த்தால், எட்டரையிலிருந்து ஏழு முறை அழைத்திருக்கிறார். பதறிப்போய் நான் அழைத்தேன். மேசை விரிப்புப் போட்டு, ஸ்ட்ராபெரி கேக்கை வெட்டி, திரைக்கு முன்னால் எனக்கென்று ஒரு துண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் காப்பியும் கேக்குமாக அமர்வது அவர்கள் வழக்கம். ‘மாஹ்ட் நிஹ்ட்ஸ்’ என்று இரண்டு முறை சொன்னார். பரவாயில்லை என்று பொருள். அந்தக் காப்பி ஆறிப்போயிருந்தது எனக்குத் திரையிலேயே தெரிந்தது.

இந்தப் பிழையைத் தமிழில் விளக்க அதிக நேரம் வேண்டியதில்லை. இரண்டு வயது முடிந்து ஆறு மாதமான குழந்தையைக் காட்டி ‘வயசென்ன?’ என்று கேட்டால், நம் பாட்டிமார் ‘மூணு நடக்குது’ என்பார்கள். முடிந்தது இரண்டு, நடப்பது மூன்று. ஜெர்மானியர் கடிகாரத்தை இப்படித்தான் பார்க்கிறார்கள். இரண்டு மணி அடித்ததும் அவர்களுக்கு மூன்றாவது மணி நடக்கத் தொடங்கிவிடுகிறது. அதில் பாதி கழிந்தால் ‘ஹல்ப் ட்ரை’. இதே முறையில் நம்முடைய ஏழரை மணி அவர்களுக்கு ‘ஹல்ப் அஹ்ட்’, எட்டாவதில் பாதி, ஆகிவிடுகிறது. ஏழரை என்ற சொல்லைக் கேட்டாலே சனி பகவானை நினைத்துக்கொள்ளும் நம்மவர்களுக்கு இதில் ஒரு சௌகரியமும் இருக்கிறது.

பினாங்குவாசிகளுக்கு இன்னும் அருகிலேயே ஒரு சான்று உண்டு. நாம் மலாயில் ‘டுவா ஸ்தெங்ஙா’ (இரண்டு, பாதி) என்று சொல்வதை, மேடானிலிருந்து சிகிச்சைக்காக இங்கே வந்து தங்கும் இந்தோனேசியர் ‘ஸ்தெங்ஙா தீகா’ (பாதி, மூன்று) என்பார்கள். எண் மூன்று, நேரம் இரண்டரை. டச்சுக்காரர்கள் அங்கே விட்டுச்சென்ற வழக்கம் அது. டச்சு மொழியும் இந்த விஷயத்தில் ஜெர்மனுக்கு உடன்பிறப்பு. மேடான்காரர் ஒருவரிடம் நேரம் கேட்டுப் பழகியவர் எவரும் ‘ஹல்ப் ட்ரை’யில் ஏமாற மாட்டார்.

காலும் முக்காலும் இதைவிடச் சுவையானவை. ‘ஃபியர்’ என்றால் நான்கு. ‘ஃபிர்டல்’ என்றால் நான்கில் ஒரு பங்கு, நம் கால். ‘ட்ரை ஃபிர்டல்’ மூன்று கால், அதாவது நம் முக்கால். ‘முக்கால்’ என்ற சொல்லும் மூன்று கால்களைச் சேர்த்துக் கட்டியதுதான். இப்படி உறுப்புக்கு உறுப்பு பொருந்துகிற இடத்தில் நடுவே வேறொரு மொழியைக் கொண்டுவந்து நிறுத்துவது எதற்கு? இரண்டே காலை ‘இரண்டுக்குப் பிறகு கால்’ என்றும், இரண்டே முக்காலை ‘மூன்றுக்கு முன் கால்’ என்றும் ஜெர்மனி முழுவதும் புரியும்படி சொல்லலாம். பட்டியலில் கொடுத்திருப்பது அந்த முறை. ஆனால் லைப்சிக் உள்ளிட்ட கிழக்குப் பகுதிகளிலும் தெற்கில் பல இடங்களிலும் இரண்டே காலை ‘ஃபிர்டல் ட்ரை’ என்றும், இரண்டே முக்காலை ‘ட்ரைஃபிர்டல் ட்ரை’ என்றும் சொல்வார்கள். மூன்றாவது மணியில் கால் பங்கு ஆயிற்று, முக்கால் பங்கு ஆயிற்று என்பது கணக்கு. இது பட்டியலில் இல்லை. வேலைக்குப் போகும் பிள்ளை எந்த ஊரில் போய் இறங்கும் என்று நமக்குத் தெரியாதபோது, இதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். இரண்டு இருபத்தைந்தை ‘ஹல்ப் ட்ரைக்கு ஐந்து நிமிடம் முன்’ என்று சொல்லும் வழக்கமும் அங்கே உண்டு. முதலில் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது, இப்போது பழகிவிட்டது. ரயில் நிலையத்திலும் அலுவலகத்திலும் இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. பதினான்கு முப்பது என்று இருபத்து நான்கு மணிக் கணக்கில் நேராகச் சொல்லிவிடுவார்கள்.

பட்டியலில் ‘ஊர்’, ‘ஷ்டுண்ட’ ஆகிய இரண்டு சொற்களுக்கும் ‘மணி’ என்றே பொருள் தந்திருக்கிறார்கள். ஆம், கடிகாரத்துக்கும் கடிகார நேரத்துக்கும் ஜெர்மானியர் வைத்திருக்கும் பெயர் நம் காதுக்கு ‘ஊர்’ என்றே கேட்கிறது. ‘எட்டு ஊர்’ என்றால் எட்டு மணி. ‘ஷ்டுண்ட’ என்பதோ அறுபது நிமிட அளவு. தமிழில் நாம் எட்டு மணி என்றும் எட்டு மணி நேரம் என்றும் பிரித்துத்தானே பேசுகிறோம்? அந்தப் பிரிவினையே அங்கும் இருக்கிறது. ‘நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வேலை செய்கிறேன்’ என்று சொல்ல வந்த மாணவர் ‘ஊர்’ போட்டால் வாக்கியம் தலைகீழாகிவிடும். ‘மணி’, ‘மணி நேரம்’ என்று இரண்டையும் தமிழில் சரியாக அச்சிட்டிருந்தால் போதும். வேறு விளக்கமே வேண்டாம்.

நாள்களைக் குறிக்கும் சொற்களும் அப்படியே. முந்தாநாளுக்கு ‘ஃபோர்கெஸ்டர்ன்’, நாளை மறுநாளுக்கு ‘ஊபர்மோர்கன்’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே சொல். நாளை மறுநாளுக்கு மலாயிலும் ‘லூசா’ இருக்கிறது. ஆங்கிலக் கட்டத்தில் மட்டும் இந்த இரண்டும் நான்கு நான்கு சொற்களாக நீண்டு கிடக்கின்றன. ‘மோர்கன்’ என்ற ஒரே சொல் காலையையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். நாளைக் காலை என்று சொல்ல ‘மோர்கன் ஃப்ரூ’ என்பார்கள். அடுத்த வாரம் இதே கிழமையை ‘எட்டு நாளில்’ என்பது அவர்கள் வழக்கு. இன்றையும் சேர்த்து எண்ணி ‘இன்றைக்கு எட்டாம் நாள்’ என்று நம் பெரியவர்கள் சொல்வது போலவே இது இருப்பதால் எனக்கு வியப்பு ஏற்படவில்லை. ஆனால் இரண்டு வாரம் என்பதற்கு அவர்களே ‘பதினான்கு நாள்’ என்கிறார்கள். ஒரு வாரம் எட்டு என்றால் இரண்டு வாரம் பதினான்கு ஆவது எப்படி என்று எந்தக் கணக்கு ஆசிரியரும் கேட்பார்.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. இருபத்தைந்து என்பதை அவர்கள் ‘ஐந்தும் இருபதும்’ என்று ஒற்றை எண்ணை முன்வைத்துச் சொல்கிறார்கள். தொலைபேசி எண்ணையும் நிமிடங்களையும் காதால் கேட்டு எழுதும்போது கை தானாகவே மாற்றி எழுதிவிடும். மதரசாவில் அரபு எண்கள் கற்ற தமிழ் முஸ்லிம் பிள்ளைகளுக்கு இந்த வரிசை பழக்கமானது. மற்றவர்கள் சொல்லிச் சொல்லித்தான் பழக வேண்டும்.

நேர வேறுபாட்டைப் பற்றிப் பட்டியல் ‘ஏழு மணி நேரம்’ என்று மட்டும் குறிப்பிடுகிறது. அது குளிர்காலத்துக்குச் சரி. மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று ஜெர்மனியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று மீண்டும் பின்னுக்கு இழுக்கிறார்கள். இடைப்பட்ட மாதங்களில் நமக்கும் அவர்களுக்கும் ஆறு மணி நேரமே வேறுபாடு. தீபகற்ப மலேசியாவிலும் 1982 ஜனவரி 1 பிறந்தபோது கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளினார்கள். அது ஒரே ஒருமுறை நடந்தது. அதற்கே என் அம்மா பல மாதங்கள் ‘பழைய மணிக்கு என்ன?’ என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆண்டுக்கு இருமுறை என்றால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ!

இனி விடைபெறும் சொற்கள். ‘அவ்ஃப் வீடர்ஸேன்’ என்பதற்கு ஆங்கிலக் கட்டத்தில் ‘குட்பை’ என்றும், தமிழ்க் கட்டத்தில் ‘விடைபெறுகிறேன்’ என்றும் இருக்கிறது. ‘வீடர்’ என்றால் மீண்டும். ‘ஸேன்’ என்றால் பார்த்தல். மறுபடி பார்க்கும்வரை என்பது அதன் கருத்து. நாம் தினமும் சொல்லும் ‘போய் வருகிறேன்’ இருக்க, ‘விடைபெறுகிறேன்’ என்று மேடைப் பேச்சாளரைப் போல எழுதியது எதனாலோ? என் அம்மா, ‘போறேன்மா’ என்று வாசல் தாண்டிய பிள்ளையைக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்து, ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் செய்து, ‘வரேன்’ என்று சொல்ல வைத்த பிறகே பள்ளிக்கு அனுப்புவார். பேருந்து போய்விடும் என்ற அழுகையெல்லாம் எடுபடாது. துக்க வீட்டில் மட்டுமே நாம் வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து வருகிறோம். பிரியும் நேரத்தில் திரும்பி வருவதைச் சொல்லிவிட்டுப் பிரிகிற இந்த மனப்பாங்கு ஜெர்மன் சொல்லிலும் இருக்கிறது. மலாயில் ‘ஜும்பா லாகி’யும் அதுவே. ஒரு வேறுபாடு உண்டு. நம்மிடம் புறப்படுபவர் ‘போய் வருகிறேன்’ என்பார், இருப்பவர் ‘போய் வாருங்கள்’ என்பார். மலாயிலும் ‘ஸலாமாட் திங்கால்’, ‘ஸலாமாட் ஜாலான்’ என்று பிரிவு இருக்கிறது. ஜெர்மனில் இருவரும் ஒன்றையே சொல்லிக்கொள்கிறார்கள்.

தொலைபேசியில் இதே சொல் செல்லாது. முகத்தைப் பார்க்கவில்லையே! அங்கே ‘அவ்ஃப் வீடர்ஹேரன்’, மறுபடி கேட்கும்வரை. மகன் பல் மருத்துவரிடம் நேரம் கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைக்கும்போது இதைச் சொன்னான். அருகிலிருந்து கேட்டபோதுதான் நான் கற்றேன். அதில் வரும் ‘ஹே’யை உதட்டைக் குவித்து வைத்துக்கொண்டு ‘ஏ’ என்று சொல்ல வேண்டும். ழகரத்துக்காகப் பிள்ளைகளின் நாக்கை மடக்கச் சொன்ன என்னை, என் மருமகள் இப்போது உதட்டைக் குவிக்கச் சொல்கிறாள்.

உண்மையில் ‘குட்பை’க்கு உறவு தேடினால் அது ‘ச்சுஸ்’ என்ற சொல்லோடுதான் அமையும். ‘கடவுள் உம்மோடு இருப்பாராக’ என்ற ஆங்கிலத் தொடர் தேய்ந்து ‘குட்பை’ ஆயிற்று. ‘இறைவனிடம்’ என்று பொருள்படும் பிரெஞ்சு ‘அதியு’ போன்ற சொற்களின் வழியில் வந்து, வட ஜெர்மனியில் தேய்ந்து உருவானது ‘ச்சுஸ்’. இப்போது நாடு முழுவதும் கேட்கிறது. முதலில் அது எனக்கு முகத்தில் கதவைச் சாத்துவது போலப் பட்டது. சம்பந்தியம்மாள் ஒருமுறையோடு நிறுத்தாமல் மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் குரலைக் கொஞ்சம் ஏற்றி, கையை ஆட்டிக்கொண்டே சொல்லும்போது, நாம் வாசலில் நின்று ‘வரேன், வரேன்’ என்று கால் மணி நேரம் விடைபெறுவதுதான் நினைவுக்கு வருகிறது. அறிமுகமில்லாத பெரியவரிடமும் அலுவலகத்திலும் ‘அவ்ஃப் வீடர்ஸேன்’, நீ என்று பேசிக்கொள்பவரிடம் ‘ச்சுஸ்’ என்று தொடங்குவது பாதுகாப்பு. நீ, நீங்கள் என்ற வேறுபாடு ஜெர்மனில் நம்முடையதைப் போலவே இருக்கிறது என்பதையும் ஆங்கிலக் கட்டம் மறைத்துவிட்டது.

‘பிஸ்’ என்று தொடங்கும் நான்கு தொடர்களுக்கும் ‘பிறகு சந்திப்போம்’ என்று ஒரே பொருளைப் போட்டிருப்பதும் சரியல்ல. ‘பிஸ்’ என்றால் வரை. ‘பிஸ் க்லைஹ்’ என்பவர் சில நிமிடங்களில் வந்துவிடுவார். நம் ‘இதோ வந்துவிட்டேன்’. ‘பிஸ் ஷ்பேட்டர்’ என்றால் அன்றைக்கே சற்றுப் பொறுத்து. ‘பிஸ் மோர்கன்’ நாளைக்கு. ‘பிஸ் பல்ட்’ என்பதற்கு மட்டும் நாள் குறிப்பு இல்லை. அடுத்த வாரமாகவும் இருக்கலாம், அடுத்த மாதமாகவும் இருக்கலாம். ‘பிஸ் க்லைஹ்’ சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போனால் அங்கே நன்றாக இருக்காது.

‘கூட்ட நஹ்ட்’ என்பதைப் பற்றியும் ஒரு சொல். மாலையில் பிரியும்போது சொல்வது என்று பட்டியல் கூறுகிறது. ஜூன் மாத மாலை ஆறு மணிக்கு, வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தபோது, லைப்சிக் ரொட்டிக்கடையில் நான் அதைச் சொன்னேன். அதற்குள்ளாகவா தூங்கப் போகிறீர்கள் என்று கடைக்காரப் பெண் சிரித்தார். படுக்கப் போகும் நேரத்துக்கு உரியது அது.

வேலை முடிந்து கிளம்புபவருக்குச் சொல்லும் ‘ஷேனன் ஃபையராபென்ட்’ பட்டியலில் விடுபட்டிருப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம். ‘ஃபையர்’ விழா, ‘ஆபென்ட்’ மாலை. வேலை ஓய்ந்த பொழுதுக்கு அப்படியொரு பெயர். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த என் கணவருக்குத் தெரிந்த ஒரே ஜெர்மன் சொல் அது. அங்கிருந்து வந்த பொறியாளர் ஒருவர் ஷிஃப்ட் முடியும் மணியடித்ததும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லிக் கைகுலுக்குவாராம். இவரும் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே ‘ஃபையராபென்ட்!’ என்பார். போஷ், பி. பிரவுன் போன்ற ஜெர்மன் நிறுவனங்கள் 1970களிலிருந்து இயங்கும் பினாங்கில், இந்தச் சொல்லைக் கேட்ட தமிழ்க் குடும்பங்கள் இன்னும் சில இருக்கக்கூடும்.

ஜெர்மானியர் தமிழ் கற்ற கதை தங்களுக்குத் தெரியாததல்ல. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு நம்மவர்களிடமே நேரடியாகத் தமிழ் படித்து, பத்தே ஆண்டுகளில், 1716இல், தமிழுக்கு ஓர் இலக்கண நூலை ஹால்லே நகரில் அச்சேற்றினார். அந்த ஹால்லே என் சம்பந்தியம்மாளின் ஊருக்குப் பக்கத்து ஊர். சீகன்பால்கு நம் மொழிக்கு வந்த வழியில் ஆங்கிலம் குறுக்கே நிற்கவில்லை. நம் பிள்ளைகள் அவர் மொழிக்குப் போகும்போது மட்டும் ஏன் நிற்க வேண்டும்?

எனவே ஆசிரியர் அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இரண்டு. ‘ஹல்ப் ட்ரை’க்கான திருத்தத்தை, அதே மாணவர் பகுதியில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டும்; உள்பக்க மூலையில் சிறிதாகப் போட்டால் பட்டியலைப் படித்தவர் கண்ணில் படாது. அடுத்து வரும் பட்டியல்களில் ஆங்கிலக் கட்டத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சொல்லை எப்போது, யாரிடம் சொல்வது என்று தமிழில் ஒரு வரி சேர்க்க வேண்டும். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் ஜெர்மன் கற்ற தமிழர்கள் இருக்கிறார்கள், ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்து அச்சிடுவது கடினமாக இராது.

அவசரத்துக்கும் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டுப் பெண் தாதியர் பயிற்சிக்காக ஜெர்மனி செல்ல எண்ணி, முதல் நிலையான ஏ1 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். கேட்டல் பகுதியில் நேரத்தைப் பற்றிக் கேள்வி வரும் என்று தங்கள் பட்டியலைக் கத்தரித்துத் தன் அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். ‘மூன்றரை’யை அடித்து ‘இரண்டரை’ என்று நான் பென்சிலால் எழுதிவிட்டு வந்தேன். மற்ற வீட்டு அலமாரிகளுக்குத் தங்கள் திருத்தம்தான் போய்ச் சேர வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
ஜெலுத்தோங், பினாங்கு.